சாப்பாட்டுக்குப் பிந்தைய கொழுப்பும் இன்சுலினும்

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையோடு கொழுப்பையும் ஆள்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் அந்த ஆட்சி தளரும்போது, சாப்பிட்ட கொழுப்பு இரத்தத்திலேயே நெடுநேரம் தங்கிவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவையே எடுத்துக்கொள்ளலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இனிப்பு, பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துக் கிளறுவது. அதிலுள்ள சர்க்கரை விரைவில் இரத்தத்தில் கலந்துவிடும். பால்கொழுப்பு சுற்றுவழியில் போகிறது. குடல் செல்கள் அதைக் கைலோமைக்ரான் என்னும் நுண்துகள்களாகப் பொதிந்து நிணநீர்க் குழாய்களில் விடுகின்றன. கழுத்தடியில்தான் அவை இரத்தத்தோடு சேர்கின்றன. சாப்பிட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு உச்சத்தைத் தொடுகிறது. அப்போது எடுத்த இரத்தத்தின் தெளிநீர் பால் கலந்தாற்போல மங்கித் தெரிவதுண்டு.

நலமான உடலில் இன்சுலின் அப்போது மூன்று வேலைகளைச் செய்கிறது. கொழுப்புத் திசுவின் நுண்குழாய்ச் சுவரில் இருக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதியைத் தூண்டி, வந்த கொழுப்பைச் சேமிக்கச் சொல்கிறது. ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து வெளியேறாமல் தடுக்கிறது. கல்லீரல் தன் பங்குக்கு அனுப்பும் விஎல்டிஎல் என்னும் கொழுப்புத் துகள்களையும் குறைக்கிறது.

நீரிழிவின் தொடக்க ஆண்டுகளில் இன்சுலின் அளவு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். திசுக்கள்தான் அதற்குக் கட்டுப்படுவதில்லை. பின்னர் சுரப்பும் குறைகிறது. கொழுப்புத் திசு கொழுப்பமிலங்களைக் கசியவிட, கல்லீரல் அவற்றை விஎல்டிஎல் ஆக்கி அனுப்புகிறது. குடலிலிருந்து வரும் துகள்களும் இவையும் ஒரே நொதிக்காகக் காத்திருக்க, பாதி கரைந்த எச்சங்கள் இரத்தத்தில் தேங்குகின்றன. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைகிறது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்கின்றன. தமனிச் சுவரில் கொழுப்பு படிவது உணவுக்குப் பிந்தைய நிகழ்வாக இருக்கலாம் என்று 1979லேயே சில்வர்ஸ்மிட் என்ற ஆய்வாளர் எழுதினார்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை இந்தக் கொழுப்புத் தேக்கத்தைக் காட்டாது. வெறும் வயிற்றுப் பரிசோதனையும் முழுப்படத்தைத் தராது. டிரைகிளிசரைடு வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். சாப்பிட்ட பின் எடுத்தால் 175 என்பது 2016இல் ஐரோப்பிய வல்லுநர்கள் வகுத்த எல்லை.

இந்தத் தேக்கத்தைக் குறைக்க நடை உதவும்: நடக்கும்போது தசைகள் அதே லைப்பேஸ் நொதியைக் கொண்டு கொழுப்பை எரிபொருளாக இழுத்துக்கொள்கின்றன. எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதாது. மிஞ்சும் சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக்கிவிடுவதால் அவற்றின் அளவும் குறைய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவோடு டிரைகிளிசரைடு அளவையும் மருத்துவரிடம் தவறாமல் கேட்டறிய வேண்டும்.