நாகஸ்வரம் பழகிய அமெரிக்க ஜாஸ் கலைஞர்: யார் இந்த சார்லி மரியானோ?

கல்யாண வீட்டில் கெட்டிமேளத்தோடு சேர்ந்து காதை நிறைக்குமே நாகஸ்வரம், அதை ஒரு ஜெர்மன் ஜாஸ் ஆல்பத்தில் கேட்டால் எப்படி இருக்கும்? கற்பனை இல்லை, நிஜமாகவே நடந்த விஷயம். ஜெர்மனியின் பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் 1975-ல் பதிவு செய்த 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' ஆல்பத்தில், வாசித்தவர்கள் பட்டியலைப் பாருங்கள். சார்லி மரியானோ என்ற பெயருக்கு நேரே சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம் என்று மூன்று வாத்தியங்கள் இருக்கும்.

மரியானோ 2009 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில், 85 வயதில் காலமானார். ஐரோப்பிய ஜாஸ் ரசிகர்கள் அவரை ரொம்பவே கொண்டாடினார்கள். நாகஸ்வரத்தின் தாய்வீடான தமிழ்நாட்டில்தான் அவர் பெயர் அதிகம் தெரியாது.

யார் இவர்?

1923-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், இத்தாலியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். ஆல்ட்டோ சாக்ஸபோன் அவருடைய வாத்தியம். அந்தக் காலத்து இளைஞர்கள் பலரைப் போல அவரும் சார்லி பார்க்கரின் மின்னல் வேக வாசிப்பில் மயங்கியவர். 1950-களில் ஸ்டான் கென்டன் இசைக்குழுவில் இருந்தார். ஜப்பானிய பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியைத் திருமணம் செய்து, இருவரும் சேர்ந்து ஒரு குழு நடத்தினார்கள். 1963-ல் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' ஆல்பத்தில் அவர் வாசித்த ஆல்ட்டோ, ஜாஸ் வரலாற்றில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பாடமும் நடத்தினார்.

சுருக்கமாகச் சொன்னால், இனி புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஆள். 1960-களின் நடுவில், மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தர கோலாலம்பூர் போனார். சொல்லிக்கொடுக்கப் போனவர், அங்கே மாணவராகிவிட்டார். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மலேசியாவில் கோயிலும் உண்டு, கோயில் இருந்தால் நாகஸ்வரமும் உண்டு. நாற்பதைத் தாண்டிய வயதில் அதைக் கையில் எடுத்தார். பிறகு இந்தியாவிலும் தங்கிப் பயின்றார்.

அதில் என்ன கஷ்டம்?

ரெண்டுமே ஊதுற வாத்தியம்தானே, சாக்ஸ் வாசிக்கிறவருக்கு நாகஸ்வரம் ஈஸியா வந்துடாதா என்று தோன்றலாம். வராது. சாக்ஸபோனில் இருப்பது ஒற்றை நாணல். நாகஸ்வரத்தின் சீவாளியில் இரட்டை நாணல். உதட்டைப் பிடிக்கும் விதம், மூச்சின் அழுத்தம் எல்லாமே மாறும். சாக்ஸபோனில் ஒவ்வொரு சுரத்துக்கும் உலோகச் சாவிகள் உண்டு. நாகஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள், அவ்வளவுதான். அரைச் சுரம் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூட வேண்டும், உதட்டாலும் மூச்சாலும் பிடித்து இழுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மனசில்தான். மரியானோ வளர்ந்த ஜாஸில் அடியில் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்திக்கொண்டே வாசிப்பவர் சுரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராகத்தில் சுருதி நகராது. துரத்த வேண்டியதும் எதுவும் இல்லை. ஒரே சுரத்தில் நின்று, அதை அசைத்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். ஜாஸ்காரர்கள் மேடையிலேயே கற்பனையாக வாசிப்பதற்கும் கர்னாடக சங்கீதத்தின் மனோதர்மத்துக்கும் ஒற்றுமை உண்டு என்று அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கான விதிகள் வேறு வேறு. இருபது வருஷப் பழக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்தால்தான் இன்னொன்று உள்ளே வரும்.

அது சிதார் மோகத்தின் காலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பீட்டில்ஸ் பாடல்களில் சிதார் வந்துவிட்டது. ஜான் கோல்ட்ரேன் 1965-ல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். பாட்டுக்கு நடுவே கொஞ்சம் இந்திய வாசனை தெளிக்க சிதார் வசதியானது. நாகஸ்வரம் அப்படி இல்லை. திறந்தவெளிக் கோயில் பிரகாரத்துக்கான வாத்தியம் அது. பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடக்கி வாசிக்கச் சொன்னால் லேசில் கேட்காது! ஃபேஷனுக்காக எடுத்திருந்தால் மரியானோ அதை ஒரே மாதத்தில் கீழே வைத்திருப்பார்.

1970-களில் அவர் ஐரோப்பாவுக்கே குடிபெயர்ந்தார். அமெரிக்க ஜாஸ் பேச்சுகளில் அவர் பெயர் மெல்லப் பின்னுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதே பயணத்தை எதிர்த்திசையில் செய்தவரைத் தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். கத்ரி கோபால்நாத், நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். அதை கர்னாடக சங்கீதத்துக்கு வளைத்து, 1994-ல் வந்த 'டூயட்' படத்தின் மூலம் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தார். 2019 அக்டோபரில் அவர் மறைந்தபோது தமிழ்நாடே பேசியது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் மிங்கஸ் ஆல்பம். அதில் ஆல்ட்டோ அழுவது போலவே இருக்கும். அடுத்து 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. நாகஸ்வரம் வரும் இடத்தைத் தமிழ்க் காதுகள் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

கடைசியாக 1983-ல் இசிஎம் நிறுவனம் வெளியிட்ட 'ஜோதி'. பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு பதிவானது. ஆர்.ஏ. ரமாமணி பாடுகிறார், டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், கூடவே கடம், கஞ்சிரா, கொன்னக்கோல். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. வேடிக்கை என்னவென்றால், முழுக்க முழுக்க தென்னிந்தியக் கலைஞர்களோடு சேர்ந்த இந்த ஆல்பத்தில் மரியானோ நாகஸ்வரத்தைத் தொடவே இல்லை. சாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். ஆனால் ரமாமணியின் குரல் ஒரு சுரத்தில் நின்று அசையும்போது, பக்கத்தில் சாக்ஸபோனும் அவசரமே இல்லாமல் நின்று அசைகிறது.