சிறுநீர்க் குழாயோடு வீடு திரும்புபவர்களுக்கு

ஹேடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல் வந்து நிற்கும்போது கவனித்திருப்பீர்கள். புராஸ்டேட் ஆபரேஷனுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் பெரியவர்களில் சிலர், வேட்டி மடிப்புக்குள் யூரின் பேக்கை மறைத்துப் பிடித்தபடி படியிறங்குவார்கள். கிட்டத்தட்ட மூன்று நாள் கடற்பயணம். கூட வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ பல சமயம், "பை நிறைஞ்சா கொட்டிடுங்க" என்பதற்கு மேல் யாரும் சொல்லியிருப்பதில்லை.

இக்குழாயை 1930-களில் உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஃபோலி. சிறுநீர்ப்பைக்குள் போனதும் நுனியிலுள்ள பலூனில் வழக்கமாக 10 மில்லி சுத்தமான நீர் ஏற்றுவார்கள். அதனால்தான் குழாய் நழுவுவதில்லை. பலூனோடு இழுபட்டால் உள்ளே புண்ணாகி இரத்தம் வரும். ஆகவே கொஞ்சம் தளர்வு விட்டு, குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவையுங்கள்.

அந்தக் காலத்தில் குழாயின் மறுமுனையைத் திறந்த பாட்டிலில் விட்டிருப்பார்கள். நான்கே நாளில் ஏறக்குறைய எல்லோர் சிறுநீரிலும் கிருமி சேர்ந்துவிடும். 1960-களில் மூடிய பை பரவிய பிறகு இது நாளொன்றுக்கு நூற்றுக்கு 3 முதல் 7 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. அந்த மூடிய வழியைத் திறக்காமல் காப்பதுதான் வீட்டுப் பராமரிப்பின் உயிர்நாடி. குழாயும் பையும் சேரும் இடத்தைக் கழற்றாதீர்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. கப்பலில் கீழ் பங்க் கேட்டு வாங்கி, அதன் சட்டத்தில் மாட்டலாம். படியேறும்போது பையை மார்பளவு தூக்கிப் பிடித்தால் பழைய சிறுநீர் உள்ளே திரும்பும். முக்கால் பங்கு ஆவதற்குள் காலி செய்யுங்கள். முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவி, அடிக்குழாய் பாத்திரத்தில் இடிக்காமல் பிடியுங்கள்.

குழாய் நுழையும் இடத்துக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டாலும் பவுடரும் வேண்டாம். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னே தள்ளிக் கழுவினால் மறக்காமல் முன்னே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீங்கிக்கொள்ளும். கப்பலில் குமட்டல் என்று சிலர் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர் கெட்டியாகிக் குழாய் அடைத்துக்கொள்ளும். இருதய, சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி குடிக்கலாம்.

சிலருக்குப் பை ஊதா நிறமாகிவிடும். மலச்சிக்கல் உள்ள வயதான பெண்களிடம் அதிகம். செய்வினை என்று பயந்தவர்களும் உண்டு! சிறுநீரிலுள்ள ஒரு பொருளைக் கிருமிகள் சாயமாக மாற்றுவதுதான் காரணம். டாக்டரிடம் காட்டுங்கள், பதற வேண்டாம். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சிறுநீர் நின்று அடிவயிறு வலித்தால், குழாய் மடங்கியதா, உடம்புக்கு அடியில் நசுங்கியதா என்று முதலில் பாருங்கள். சரியாகாவிட்டால், அல்லது குளிர் காய்ச்சல், இரத்தக் கட்டி, பெரியவர் திடீரென்று பிதற்றுவது, இவற்றில் எது வந்தாலும் கப்பலானால் கப்பல் டாக்டரிடம், ஊரானால் உடனே ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போங்கள். ஊரிலிருந்து துணைக்கு வந்த அத்தைக்கு இந்தி தெரியாதென்றால், "பேஷாப் நஹீன் ஆ ரஹா, நலீ பந்த் ஹை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்து வையுங்கள்.

சென்னையிலேயே டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விவரம் எழுதி வாங்குங்கள்: போட்ட தேதி, குழாய் வகை, எடுக்க வேண்டிய தேதி. ரப்பர் குழாயைச் சில வாரத்தில் மாற்ற வேண்டும். முழு சிலிக்கான் 12 வாரம் வரை தாங்கும். 16 என்ற அளவு ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் பலூன் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தேவை முடிந்த குழாயை ஒரு நாள் கூட வைத்திருக்கக் கூடாது. எடுத்தபின் ஆறு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போகாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ராத்திரியானாலும் சரி.