வயிற்றில் துடிப்பா? குடல் தட்டப் போகாதீர்கள்!

பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, கடத்தூர் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். இடுப்புக்கு மேலே வலி, வயிற்றில் பாரம். ஒரு வாரம் தைலம், அடுத்த வாரம் வலி மாத்திரை, அதற்கும் கேட்காவிட்டால் குடல் தட்டுகிறவர். கடைசியில் முகம் வெளுத்து, சட்டை நனைய வியர்த்த நிலையில் தூக்கி வருவார்கள். அதற்குள் வயிற்றில் வீங்கியிருந்த பெருந்தமனி கிழிந்திருக்கும். இந்த வீக்கத்தைத்தான் அனியூரிசம் என்கிறோம். கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்வதில்லை. மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டிச் சேலம் போக வேண்டிய நமக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

‘குடல் ஏறிக்கிச்சு’

மல்லாந்து படுத்தால் தொப்புளுக்கு மேலே ஏதோ எகிறி எகிறித் துடிக்கிறது. உடனே வீட்டில் ‘குடல் ஏறிக்கிச்சு’ என்பார்கள். விளக்கெண்ணெய் தடவி, கட்டை விரலை அழுத்தி நீவுவார்கள். ஒல்லியானவர்களுக்கு இயல்பாகவே அங்கே துடிப்பு தெரியலாம், பயப்பட வேண்டாம். ஆனால் அது வீங்கிய பெருந்தமனியாக இருந்தால், மெலிந்துபோன சுவரை அழுத்திப் பிசைவது உயிரோடு விளையாடுவது. தயவுசெய்து கை வைக்கவிடாதீர்கள்.

அடுத்தது ‘கல்லடைப்பு’. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக விலாவில் வலி வந்தால் அதைக் கல் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்துக் காத்திருக்கும் நாட்களிலேயே தமனி கசியத் தொடங்கலாம். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துப் படுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

‘வலி இல்லையே, நோய் எப்படி இருக்கும்?’ என்று கேட்பார்கள். இந்த வீக்கம் வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் வளரும். வலி வந்துவிட்டால் காலம் குறைவு.

எப்போது கிழியும்?

வயிற்றுப் பெருந்தமனியின் அகலம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுகிறோம். ஆனால் சிறிய வீக்கமும் சில சமயம் கிழிகிறது, பெரியது சிலருக்குக் கிழியாமலே இருக்கிறது. காரணம் சுவரின் திசுவில் இருக்கிறது. தேய்ந்த சைக்கிள் ட்யூப் எந்த இடத்தில் மெலிந்திருக்கிறதோ அங்கேதான் புடைத்து வெடிக்கும். இரத்த அழுத்தமும் வீக்கத்தின் அகலமும் ஏற ஏறச் சுவரின் இழுவிசை கூடும். சுவர் மெலிந்தால் இன்னும் கூடும். அழுத்தம் 120-லிருந்து 180-க்குப் போனால் அதே சுவர் ஒன்றரை மடங்கு இழுவையைத் தாங்க வேண்டும். சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் நைந்து, பாரம் சுமக்கும் கொலாஜனும் தளர்ந்தால், தாங்கும் வலிமையை இழுவை மிஞ்சும் இடத்தில் கிழிசல் விழுகிறது.

1948-ல் ஐன்ஸ்டைனின் வயிற்றுத் தமனியைச் சுற்றி டாக்டர் நிஸ்ஸன் செலோபேன் தாளைக் கட்டியது இந்தச் சுவருக்குப் பலம் சேர்க்கத்தான். 1955-ல் அந்த வீக்கம் கிழிந்தே அவர் இறந்தார். இன்று சிடி ஸ்கேன் படத்திலிருந்து சுவரின் எந்தப் புள்ளியில் எவ்வளவு இழுவை என்று கணினியில் கணக்கிடுகிறார்கள். ஆனால் ஒருவருடைய தமனித் திசு எவ்வளவு தாங்கும் என்பதை வெட்டிச் சோதிக்காமல் சொல்வது கடினம். அதனால் சிகிச்சையை இன்னும் அளவை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்கிறோம்.

மெடிக்கலில் கேட்டு வாங்குவது

சளிக்கு, வயிற்றுப்போக்குக்கு, நீர்க்கடுப்புக்கு என்று சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறீர்கள். இந்த வகை மருந்து பெருந்தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரிலேயே எச்சரித்தது. சீட்டில்லாமல் வாங்குவதை என்றைக்குத்தான் நிறுத்தப் போகிறீர்கள்?

பரிசோதனை

இந்த வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பீடியை விடுங்கள் ஐயா. தமனிச் சுவரை அரிப்பதில் புகையை மிஞ்ச எதுவும் இல்லை. பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று அதை டப்பாவிலேயே வைக்காதீர்கள். 65 வயதைத் தாண்டிய, பீடி பிடித்த ஆண்கள் ஒருமுறையாவது ஸ்கேன் எடுங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த வீக்கம் இருந்திருந்தால் அதற்கு முன்பே எடுங்கள்.

திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ தாங்க முடியாத வலி, தலைசுற்றல், வியர்வை வந்தால் தட்டுகிறவரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ‘பெருந்தமனி வீக்கமா பாருங்க டாக்டர்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.