மரக்காணத்துக்கு வரும் கங்கை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வயலூர் பக்கத்தில் பாலாற்றைக் கடக்கிறார்கள். அடுத்த ஆற்றைப் பார்க்கப் புதுச்சேரியையும் தாண்டி, சங்கராபரணி கடலில் சேரும் இடம்வரை போக வேண்டும். பெரிய ஆறுதான் வேண்டுமென்றால் கடலூர் வாசலில் தென்பெண்ணை. இந்த இடைவெளியில்தான் மரக்காணம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்திகள், வரப்புகள், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். ஓங்கூர் ஆறு மாதிரி சிற்றாறுகள் உண்டு. ஆனால் அவை மழைக்காலத்தில் சில வாரம் ஓடி, உப்பங்கழியில் கலந்துவிட்டு, கோடையில் இருந்த இடம் தெரியாமல் போகிறவை.

பேராறு வராததை ஊரின் குறையாக நினைக்க வேண்டாம். வந்திருந்தால் அங்கே உப்பு விளைந்திருக்காது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சமையலுக்குப் போடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவுக்கு வரும். மற்றவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். தண்ணீர் ஆவியாக ஆக முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படியும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் போன பிறகே சமையல் உப்பு மணி கட்டத் தொடங்கும். உப்பளத்துக்காரர்கள் இதை டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். போமே மானியை மிதக்கவிட்டால் கடல்நீர் 3 டிகிரி காட்டும். உப்பு விளைய 25 டிகிரி வர வேண்டும். 30 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும் என்பதால், அதற்கு முன்பே மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். 3 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஏற்றுவது முழுக்க வெயிலும் காற்றும் செய்கிற வேலை. நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் வாரக்கணக்கான உழைப்பு கரைந்து போகும். மழைக்கே இந்தக் கதி என்றால், ஆண்டுக்குச் சில மாதமாவது நன்னீர் கொண்டுவந்து கொட்டுகிற ஆறு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்?

அப்படியானால் ஆறுகள் ஏன் இந்த ஊரைத் தவிர்த்தன? விடை தேடக் கர்நாடகத்தின் நந்தி மலைக்குப் போக வேண்டும்.

பெங்களூருக்கு வடக்கே இருக்கும் இந்த மலைத்தொடர் தென்னிந்தியாவின் தண்ணீர்ப் பங்கீட்டு அலுவலகம் என்றே சொல்லலாம். வடபெண்ணை இங்கே பிறந்து, முதலில் வடக்கே போய், பிறகு கிழக்கே திரும்பி, 597 கி.மீ. ஓடி நெல்லூர்ப் பக்கம் கடல் சேர்கிறது. பாலாறும் இங்கேதான் பிறக்கிறது. அதன் 348 கி.மீ. பயணத்தில் 222 கி.மீ. தமிழ்நாட்டுக்குள். தென்பெண்ணையும் இதே மலைத்தொடரில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாகக் கடலூருக்கு வருகிறது. இன்னொரு பிள்ளையான அர்க்காவதி தெற்கே இறங்கிக் காவிரியோடு சேர்ந்துவிடுகிறது. ஒரே மலைமேல் பெய்த மழை நெல்லூருக்கும் வயலூருக்கும் கடலூருக்கும் பூம்புகாருக்கும் போகிறது. மரக்காணத்துக்கு மட்டும் பங்கு இல்லை. பாலாறு ஒரு காலத்தில் இன்னும் வடக்கே, கொசஸ்தலையாறும் கூவமும் இன்று ஓடும் பக்கமாக ஓடியது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். பிறகு தெற்கே நகர்ந்தது. நகர்ந்தும் வயலூரோடு நின்றுவிட்டது.

தீபகற்பத்தின் மற்ற பேராறுகளின் பாதையும் இதே சாய்மானத்தைத்தான் காட்டுகிறது. கோதாவரி பிறக்கும் திரியம்பகத்திலிருந்து அரபிக்கடல் ஏறத்தாழ 80 கி.மீ. தூரம்தான். அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டி, மகாராஷ்டிரம், தெலங்கானா, ஆந்திரம் என்று 1,465 கி.மீ. நடந்து வங்கக்கடலுக்கு வருகிறது. மகாபலேஷ்வரத்தில் பிறக்கும் கிருஷ்ணாவுக்கு அரபிக்கடல் இன்னும் பக்கம். அதுவும் 1,400 கி.மீ. கிழக்கே ஓடுகிறது. தலைக்காவிரியில் தொடங்கும் காவிரியும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலை கடலோரமாகவே எழுந்து நிற்க, அதற்குக் கிழக்கே பீடபூமி மெல்ல மெல்லச் சரிகிறது. வீட்டுக் கூரையின் முகடு நடுவில் இல்லாமல் ஒரு சுவரோரமாக இருந்தால் மழைத்தண்ணீர் எப்படி வழியுமோ, அப்படித்தான் இது. மேற்கே விழுகிற ஆறுகள் குட்டையானவை, வேகமானவை. கிழக்கே வருபவை நீளமானவை, நிதானமானவை. நர்மதையும் தபதியும் மட்டும் விதிவிலக்கு: நிலப்பிளவால் உண்டான பள்ளத்தாக்கு வழியே மேற்கே போகின்றன. நர்மதை பிறக்கும் அமர்கண்டக்கில்தான் சோன் ஆறும் பிறக்கிறது. ஒன்று 1,312 கி.மீ. ஓடி அரபிக்கடலுக்கு; மற்றொன்று வடக்கே போய்க் கங்கைக்கு, அதாவது கடைசியில் வங்கக்கடலுக்கு.

நீளத்தைப் பற்றிய எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நாட்டின் நீளமான ஆறு கங்கை, 2,525 கி.மீ. என்று பள்ளியில் படித்தோம். சிந்துவும் பிரம்மபுத்திராவும் அதைவிட நீளமானவை. ஆனால் சிந்துவில் 1,114 கி.மீ.யும் பிரம்மபுத்திராவில் 916 கி.மீ.யும்தான் இந்தியக் கணக்கில் வருகின்றன. மிச்சம் திபெத்திலும் பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும். பட்டியலில் முதலிடம் யாருக்கு என்பதை ஆறு மட்டுமல்ல, எல்லைக்கோடும் தீர்மானிக்கிறது. காவிரியின் 800 கி.மீ.யைப் பிரித்தால் கர்நாடகத்தில் 320, தமிழ்நாட்டில் 416, இரண்டுக்கும் பொது எல்லையாக 64. தவிர, எந்த ஓடையை மூலமாக வைப்பது, வளைவுகளை எவ்வளவு நுணுக்கமாக அளப்பது, கழிமுகத்தில் எந்தக் கிளையோடு முடிப்பது என்பதைப் பொறுத்து எண் மாறும். நைல் பெரிதா அமேசான் பெரிதா என்ற வழக்கு இன்னும் முடியாமல் இழுப்பதும் இதனால்தான்.

சரி, மரக்காணத்துக்கு ஆறு வரவில்லை. மனிதர்கள் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்தார்கள். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே கோக்ரேன் கால்வாய் என்று தொடங்கியது, வடக்கே ஆந்திரம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876–78-இல், பசித்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று இதன் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது. கடலோரம் முழுக்கப் படகுகள் உப்பும் நெல்லும் விறகும் ஏற்றிப் போய்வந்தன. வடமுனையில் இந்தக் கால்வாய் கிருஷ்ணா, கோதாவரி கழிமுகப் பாசனக் கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரை போகிறது. தென்முனை மரக்காணத்துக் கழுவெளியில். ஆக, வரைபடத்தில் விரலை வைத்து இழுத்தால், தீபகற்பத்தின் மிக நீளமான இரண்டு ஆறுகளின் தண்ணீர்ப்பாதை உப்பளத்து வாசல்வரை வருகிறது. 2008-இல் இதை 4-ஆம் தேசிய நீர்வழியாக அறிவித்த சட்டத்தில் கோதாவரி, கிருஷ்ணாவோடு கழுவெளி ஏரியின் பெயரும் இருக்கிறது. இன்று அந்த வழியே படகில் போக முடியுமா என்பது வேறு கேள்வி. சென்னைக்குள் கால்வாயின் நிலையைப் பார்த்தவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

கழுவெளி ஆறு அல்ல, ஆறு செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் ஒரு பரந்த பள்ளம். திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, உப்பங்கழி வழியாகக் கடலுக்குப் போகும். கடல் ஏற்றத்தில் உப்புநீர் அதே வழியாக உள்ளே வரும். மழைக்காலத்தில் நன்னீர், கோடையில் உப்பு, நடுவில் எல்லாக் கலவையும். பறவைகளுக்கு இது பிடித்திருக்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

இன்னொரு வழியும் உண்டு. அதை யாரும் வெட்டவில்லை.

கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆகஸ்ட் வாக்கில் வங்கக்கடலின் வடமுனையில் கொட்டுகிற வெள்ளம் உலகத்தின் மிகப்பெரிய நன்னீர் வரத்துகளில் ஒன்று. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணாவின் தண்ணீரும் இதோடு சேர்கிறது. உப்புக் குறைந்த நீர் அடர்த்தி குறைந்தது. கடல்மேல் மெல்லிய போர்வையாக மிதக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்ததும் கிழக்குக் கடற்கரையோரம் கடல்நீரோட்டம் தெற்கு நோக்கிப் பாயத் தொடங்குகிறது. அது இந்த நன்னீரை 100 கி.மீ. அகலப் பட்டையாகக் கரையை ஒட்டியே ஆந்திரம், தமிழ்நாடு என்று இழுத்துக்கொண்டு வருகிறது. இதைத் துல்லியமாகக் காட்டியவர்கள் மீனவர்கள். கடற்கரையில் 8 இடங்களில், ஐந்து நாளுக்கு ஒருமுறை, அவர்கள் போத்தலில் பிடித்துக் கொடுத்த தண்ணீரின் உப்பளவைக் கொண்டு, கடலுக்குள் ஓர் ஆறு ஓடுவதாக 2014-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வடக்கிலிருந்து புறப்பட்டு இந்தியாவின் தென்முனையைத் தொட இரண்டரை மாதம் ஆகிறதாம். செயற்கைக்கோளால் கரையோரத்தை இவ்வளவு நெருக்கமாகப் படிக்க முடிவதில்லை என்பதால் போத்தல்கள்தான் உதவின. கங்கோத்ரியில் உருகிய பனியின் ஒரு துளி, அக்டோபர், நவம்பரில் மரக்காணத்துக் கரையோரமாகக் கடந்து போகிறது என்று சொன்னால் மிகையில்லை.

கடலின் உப்புக்கும் ஆறுகளுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. பாறைகளை மழை அரித்து, சோடியத்தை ஆறு கடலில் சேர்க்கிறது. குளோரினின் பெரும்பகுதி ஆதிகால எரிமலை வாயுக்களின் கொடை. ஐரிஷ் அறிவியலாளர் ஜான் ஜோலி 1899-இல், கடலில் இருக்கும் மொத்தச் சோடியத்தை ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் அளவால் வகுத்து, கடலின் வயது 9 கோடி ஆண்டுக்கு அருகில் என்றார். விடை படுதவறு, பூமிக்கு 450 கோடி ஆண்டுக்கு மேல் வயதாகிறது. கடலுக்குள் வந்த சோடியம் வெளியே போகவும் செய்கிறது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கண்ட எண் வீணாகவில்லை. ஒரு சோடியம் அணு கடலில் சராசரியாக எத்தனை கோடி ஆண்டு தங்கும் என்பதற்கு அது ஓரளவு நெருங்கி வருகிறது. மரக்காணத்துப் பாத்தியில் வாரும் உப்பில் இருக்கும் சோடியத்தின் பெரும்பகுதி என்றோ ஓர் ஆறு கொண்டுவந்ததுதான். அது எந்த மலை, எந்த ஆறு என்று சொல்ல வழியில்லை. இன்றைய இமயமே அப்போது எழுந்திருக்காமல் இருக்கலாம்.

ஆறு இல்லாத கரைக்கு ஒரு சங்கடமும் உண்டு. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது, மரக்காணத்துக்கு மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தபோது அந்தத் தண்ணீருக்குத் தென்பெண்ணை என்ற பாதை இருந்தது. வழியெல்லாம் சேதம் செய்தாலும் கடலூரில் கடலுக்குப் போய்விட்டது. மரக்காணத்துப் பக்கம் பெய்ததற்கு அப்படி ஒரு தனிப்பாதை கிடையாது. ஏரி, கழுவெளி, உப்பங்கழி என்று படிப்படியாகத்தான் வடிய வேண்டும். உப்பளங்கள் வழியிலேயே இருக்கின்றன.

சனவரியில் தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, பாத்தியை மிதித்து இறுக்கும் வேலை தொடங்கும். வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச்சில் கடல்நீரோட்டமும் திசை மாறி வடக்கு நோக்கி ஓடுகிறது. அது தெற்கிலிருந்து கொண்டுவருவது உப்பு கூடிய தண்ணீர். டிகிரி ஏறுவதற்குக் காரணம் வெயில்தான், நீரோட்டத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. இருந்தாலும் கங்கைத் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மரக்காணத்தில் முதல் உப்பு வாருகிறார்கள்.