சிக்பேட்டை முத்தும் மன்னார்க் கடலும்

கல்யாண மாதங்களில் பெங்களூர்ச் சிக்பேட்டையிலும் அவென்யூ ரோட்டிலும் முத்துமாலை வாங்க வரும் நம்மவர்கள், நிறத்தையும் உருட்சியையும் விலையையும் பற்றி எவ்வளவோ விசாரித்தாலும், அந்த முத்து எந்த நீரில் விளைந்தது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால், பெரும்பாலும் சீன தேசத்துக் குளங்களில் வளர்த்த நன்னீர்ச் சிப்பியினது என்ற பதில்தான் வரும்.

விஜயநகரத்துக் கடைவீதியில் முத்து விற்றதை 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ் எழுதியிருக்கிறார். அக்காலத்துத் தென்னாட்டு முத்துக்குப் பிறந்தகம் மன்னார் வளைகுடாவே. அவ்வளைகுடாக் கரையிலிருந்த கொற்கையில், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாக முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் குறிப்பு ஒன்று கூறுகிறது. பிற்காலத்திலோ முத்துக்குளிப்பு பரதவர் முதலானோரின் பரம்பரை வித்தையாயிற்று. கல்லைக் காலில் மாட்டி, மூக்கை அடைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நிமிஷ மூச்சில் கடலடித் திட்டான பாரின் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறுகிறவர்களுக்காக, சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று கரையில் கடல்கட்டி ஒருவர் மந்திரம் ஜபித்தார். மந்திரத்தில் சற்றும் விசுவாசமில்லாத வெள்ளைத் துரைத்தனமும், அவரில்லாமல் ஒருவரும் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதால், அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்தது!

1905-இல் இலங்கையில் நடந்த சலாபத்தில் (முத்துக்குளிப்பில்) சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த அமோகத்தில் மயங்கி மறுவருஷமே லண்டன் கம்பெனி ஒன்று பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி பொய்த்துப்போகவே, சில வருஷங்களில் அது கலைந்தது. நிறைந்த பார் திடீரென்று வெறிச்சோடுவது பழைய வழக்கம்தான் என்றாலும், தூத்துக்குடியில் 1955 முதல் நடந்த சலாபம் 1961-உடன் நின்றவாறே நின்றுவிட்டது. 1973-இல் அவ்வூரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை வளர்த்தெடுத்துக் காட்டினார்கள்.

மனித உயிரைப் பணயம் வைக்காத வளர்ப்பு முத்தே மேலானது என்பாரும் உண்டு, இருக்கட்டும். எனக்குள்ள விசாரம் வேறு. எந்தப் பாரில் மணல் ஏறும், எங்கே திருக்கை மேயும், எந்த நீரோட்டம் சிப்பிக்குஞ்சைக் கொண்டுசேர்க்கும் என்பதையெல்லாம் உடம்பால் அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. 1961-இல் இருபது வயதில் கல்லுடன் இறங்கியவருக்கு இப்போது எண்பது கடந்திருக்கும். அவர் வாய்மொழியை எழுதிவைப்பதற்குப் பெரிய நிதியோ கமிட்டியோ வேண்டியதில்லை. மைசூரிலிருந்து தூத்துக்குடி செல்லும் எக்ஸ்பிரஸ் பெங்களூர் வழியாகத்தான் போகிறது.