ஆர்.சி. புக்கில் யார் பெயர்?

2007-ல் ஒருவர் தன் காரை விற்றார். பணம் வந்தது, சாவி கைமாறியது, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். அந்தக் கார் அடுத்தடுத்துப் பலரிடம் போனது. பெயர் மாற்ற யாரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. இழப்பீட்டை யார் கொடுப்பது என்ற வழக்கு, பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு: ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். பணம் கட்ட வேண்டியவரும் அவரே.

வேகமான செகண்ட் ஹேண்ட் கார் மேல் ஆசைப்படும் திண்டுக்கல்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் சொல்வேன். பழைய காரைக் கொடுத்துவிட்டு இன்னும் நல்ல காருக்கு மாறுவதில் வியாபாரம் ஒன்றல்ல, இரண்டு. வீட்டில் நிற்கும் ஆல்ட்டோவை விற்கிறோம். அதோடு கொஞ்சம் கடன் சேர்த்து போலோ ஜி.டி. வாங்குகிறோம். நம் பெயரில் உள்ள ஒரு வண்டி யாரோ ஓட்டுவதற்காக வெளியே போகிறது. யாரோ பெயரில் உள்ள ஒரு வண்டி நம் வாசலுக்கு வருகிறது. மனசெல்லாம் வாசலுக்கு வந்த வண்டியின் மேல் இருக்க, போன வண்டியை மறந்துபோகிறோம்.

அதனால் போகிற வண்டியை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. படிவம் 30-ஐ வைத்து 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிப்பது வாங்கியவரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு இது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ‘கன்சல்டிங்’ எனும் பழைய வண்டிக் கடையில் வண்டியை விட்டதும், தேதி போடாத படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ‘ஓப்பன் பேப்பர்’ என்று அதற்குப் பெயர். அடுத்த ஆள் கிடைக்கும்போது நேராக அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த ஆள் கிடைக்க ஆறு மாதம் ஆகலாம். அதுவரை வேடசந்தூர் ரோட்டில் அந்த வண்டி எதன் மேல் மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இந்த ஓட்டையை அடைக்கவே 2023 ஏப்ரல் 1 முதல் புது விதிகள் நடப்பில் உள்ளன. பழைய வண்டி வியாபாரம் செய்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அது 5 ஆண்டு செல்லும். அவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாக ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். பதிந்த பிறகு, வண்டி விற்கும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். சான்று இருக்கிறதா என்று கேட்க நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. தனி ஆளுக்கு விற்றால், தகவல் கொடுத்ததோடு நிம்மதியாகிவிடாமல், பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள். பழைய ஃபாஸ்டேக்கையும் அன்றே முடக்கிவிடுங்கள்; கொடைரோடு டோல்கேட்டில் இன்னொருவர் போனதற்கு உங்கள் கணக்கில் ஏன் பணம் போக வேண்டும்?

இனி வருகிற வண்டி. நம் பட்ஜெட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் போர்ஷே அல்ல. சின்ன உடம்பில் பெரிய மூச்சு வைத்த வண்டிகள்தான். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., பலேனோ ஆர்.எஸ்., ஐ20 என் லைன், ஃபியட் அபார்த் புன்டோ. நம் பக்கத்துப் பிள்ளையும் ஒன்று உண்டு. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைசக்தி. ஓட்டியவர்கள் இன்னமும் அதைப் புகழ்கிறார்கள். ஆனால் 2020-லேயே அது நின்றுபோனது. ஃபியட் கார்கள் இங்கே உற்பத்தியாவது நின்று பல ஆண்டாகிறது. போலோ 2022-ல் விடைபெற்றது. நின்றுபோன வண்டி மலிவாகக் கிடைக்கும். உதிரிபாகம் அப்படிக் கிடைக்காது. ஜே.டி.பி.க்கே உரிய ஒரு பம்பருக்காக இரண்டு மாதம் காத்திருக்கத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

போலோ ஜி.டி.யில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2013 முதல் 2020 வரை வந்த 1.2 டி.எஸ்.ஐ. வண்டிகளில் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி. நெரிசலில் மெல்ல நகரும்போது உதறுகிறதா, ரிவர்ஸ் விழத் தயங்குகிறதா என்று பாருங்கள். கியர் பெட்டியை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பழுதானால் செலவு லட்சத்தைத் தொடலாம். பிறகு வந்த 1.0 லிட்டரில் வேறு வகை ஆட்டோமேட்டிக். எஞ்சினை முன்பே சூடேற்றி வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பழனி ரோட்டு நெரிசலில் அரைமணி, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் நிதானமாக ஒரு முறை. ஏறும்போது டர்போவும் கிளட்ச்சும், இறங்கும்போது பிரேக்கும் தங்கள் உண்மையைச் சொல்லிவிடும். மலையில் வேகம் காட்ட வேண்டாம். அது பேருந்தும் பள்ளிப் பிள்ளைகளும் போகிற ரோடு.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பது அரைமணி வேலை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் வரலாற்றைக் கேட்குமாறு உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அதுவே பதில். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். 18,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்ற வண்டியில் நாலும் வேறு வேறு வருட டயர் என்றால், கணக்கு உதைக்கிறது.

வேகமான வண்டிகளுக்கே உரிய சிக்கல், மாற்றியமைப்பு. ‘ஸ்டேஜ் ஒன் ரீமேப் பண்ணியிருக்கு’ என்று, எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியதைப் பெருமையாகச் சொல்வார்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பெயர் உங்களுக்கு மாறிய நாள் முதல் அந்த வண்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். விபத்து ஏற்பட்டால், சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் வழியுண்டு. சைலன்சரை உறும வைத்த வண்டியை, ஒரிஜினல் பாகத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

தூரத்திலிருந்து வரும் மலிவு வண்டிகள் தனி அத்தியாயம். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் கடந்த டீசல் கார்களுக்கு வந்த தடையால் அங்கே பி.எம்.டபிள்யூ.வும் ஆடியும் அடிமாட்டு விலைக்கு விழுந்தன. இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி., மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் உங்கள் தலையில். 12 மாதத்துக்கு மேல் வெளிமாநில எண்ணில் இங்கே ஓட்டுவது சட்டவிரோதம். இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி, பூடானிலிருந்து கடத்திவரப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட பல சொகுசு வண்டிகளைப் பறிமுதல் செய்தது. ராணுவம், தூதரகங்கள் பெயரில் போலி ஆவணம் தயாரித்து வண்டிகளை விற்றதாகக் கோவையை மையமாகக் கொண்ட ஒரு கும்பலை அது குறிப்பிட்டது. அப்படிப்பட்ட வண்டியை நல்ல மனதோடு வாங்கியிருந்தாலும், முதலில் பறிபோவது வாங்கியவரின் வண்டிதான்.

தண்ணீரில் நின்ற வண்டிகளும் உண்டு. 2023 டிசம்பரில் சென்னையும், இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி குழியில் வண்டல் மண், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் கறை, இவையே சாட்சி.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுவது ஒரு நம்பிக்கையில்: ‘பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கு’. மூன்றாம் நபர் பாதுகாப்பு உங்களுக்கு வந்துவிடும். உங்கள் காருக்கான சேதப் பாதுகாப்பு தானாக வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்துப் பெயர் மாற்றியாக வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே சொந்தம். உங்கள் ஆல்ட்டோவில் நீங்கள் சேர்த்த போனஸ் உங்களுடையது. அதற்குச் சான்று வாங்கிப் புது வண்டியின் பாலிசியில் பயன்படுத்துங்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது வண்டியின் மேல் கடன், இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணம் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

இத்தனை பார்த்தும் ஏமாற்றப்பட்டால்? கன்சல்டிங்கில் வாங்கியவர் நுகர்வோர். வண்டியைக் கோவையிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தனி ஆளிடம் வாங்கியவருக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது. ஒப்பந்தச் சட்டப்படி சிவில் வழக்கு, வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் போலீஸ் புகார். இரண்டிலும் ‘அவர் இப்படிச் சொன்னார்’ என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே விபத்து, வெள்ளம், ரீமேப், கிலோமீட்டர் நான்கையும் பற்றி அவர் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கி அழிக்காமல் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் விற்ற வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் இன்றே போட்டுப் பாருங்கள். பெயரைப் பாதி மறைத்துத்தான் காட்டும். உங்கள் பெயரா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் பெயராக இருந்தால், நாளைக் காலை விற்றதற்கான ஆதாரத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். புது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்கு மறுநாள் இருக்கட்டும்.