மல்லிகைப்பூவைக் காப்பாற்றும் ஸ்லைடர்

அலமாரிக்கு மேலே கிடக்கிற அம்மா அப்பா கல்யாண கேசட்டை எப்படி கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என்று கேட்டிருந்தீங்க. வயர் சொருகுவதில் பெரிய வித்தை இல்லை, மஞ்சள் மஞ்சளோடு சேரும், அவ்வளவுதான். இன்றைக்கு லினக்ஸில் இருக்கும் ஒரு குட்டி மென்பொருளைப் பற்றி மட்டும் பேசப் போறேன். பெயர் வி4எல்2யுசிபி. ஆமா, நிஜமாவே அதுதான் பெயர். 'வீடியோ ஃபார் லினக்ஸ் டூ யுனிவர்சல் கண்ட்ரோல் பேனல்' என்பதன் சுருக்கம். இனிமே பேனல்னு சொல்லிக்கிறேன்.

இது டிவி காட்டாது, ரெக்கார்டும் பண்ணாது. திறந்தால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்று சில ஸ்லைடர்கள் மட்டும் இருக்கும். இதுக்கு எதுக்கு தனியா ஒரு மென்பொருள்? லினக்ஸில் கேப்சர் கார்டு ஒரு ஃபைல் மாதிரி தெரியும். அதிலிருந்து படத்தை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் எடுக்க முடியும். ஆனால் அதே ஃபைலை இன்னொரு மென்பொருளும் திறந்து, கார்டின் அமைப்புகளை மாற்றலாம். அதனால் ஒரு பக்கம் படம் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து ஜன்னலில் ஸ்லைடரை நகர்த்திப் பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்த பேனலுக்கு எந்த கார்டைப் பற்றியும் முன்கூட்டி எதுவும் தெரியாது என்பதுதான். "உன்கிட்ட என்னென்ன இருக்கு?" என்று டிரைவரைக் கேட்கும். டிரைவர் ஒவ்வொன்றுக்கும் பெயர், குறைந்த அளவு, அதிக அளவு, வழக்கமான அளவு எல்லாம் சொல்லும். எண் என்றால் ஸ்லைடர், ஆன்-ஆஃப் என்றால் டிக் பெட்டி. பேனல் அந்த இடத்திலேயே தன்னைக் கட்டிக்கொள்ளும். 90களின் பிடி878 சிப் இருக்கும் கார்டோ, இப்போதைய வெப்கேமோ, அதுக்கு எல்லாம் ஒன்றுதான்.

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன். "எடுத்து வெச்சுட்டு அப்புறம் எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாம்"னு நினைப்போம் இல்லையா? இங்கே அது எல்லா நேரமும் நடக்காது. இந்தச் சிக்னலில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையிலான ஒரு எண். கருப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்பது வழக்கம். கான்ட்ராஸ்ட் அதிகமாக இருந்தால் வெளிச்சமான புள்ளிகள் எல்லாம் மேல் எல்லையில் போய் முட்டி, ஒரே எண்ணாகிவிடும். பழைய கல்யாண வீடியோவில் முகத்துக்கு நேரே ஒரு பெரிய லைட் பிடிப்பாங்களே, அந்த வெளிச்சத்தில் தலையில் வைத்த மல்லிகைப்பூ மொத்தமும் ஒரு வெள்ளைத் திட்டு. இது கார்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுவதால், பிறகு எடிட்டிங்கில் பிரைட்னஸைக் குறைத்தால் சாம்பல் திட்டுதான் கிடைக்கும். பூ வராது.

அதனால் முகூர்த்தக் காட்சிக்கு ஓட்டி, லைட் நேராக விழும் இடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டு, வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிற வரைக்கும் கான்ட்ராஸ்ட்டைக் குறைங்க. படம் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். பரவாயில்லை, அதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீங்க. ஒவ்வொரு ஓட்டத்திலும் டேப் தேயும். பூஞ்சை பிடித்திருந்தால் சுத்தம் பண்ணாமல் பிளேயரில் போடவே போடாதீங்க.

ஹ்யூ என்று ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை விட்டுடுங்க. நம்ம ஊர் கேசட்டுகள் பால் முறையில் பதிவானவை, குடிக்கிற பால் இல்லை. அதில் நிறத் தகவலின் ஒரு பகுதி வரிக்கு வரி தலைகீழாக மாறும், அதனால் நிறப் பிழை தானாகவே அடிபட்டுப் போகும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக்குத்தான் அந்த ஸ்லைடர் அவசியம். படம் கருப்பு வெள்ளையாக வந்தால், கார்டு என்டிஎஸ்சியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்க.

ஒரு கேசட்டுக்குச் சரியான அளவுகள் கிடைத்ததும் ஒரு பேப்பரில் எழுதி, கேசட் பெட்டிக்குள்ளேயே வெச்சுடுங்க. கம்ப்யூட்டரை அணைத்தால் கார்டு எல்லாத்தையும் மறந்துடும்.